‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பது சான்று ஆகாது

படிவம் 4 மாணவர்களுக்குக் கல்லீரல் பாடம் நடத்தி முடித்த நாள் அது. ஓய்வு மணி அடித்ததும் எல்லாரும் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும், நான் ஏற்கெனவே துடைத்துவிட்ட வெண்பலகையை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சார், ஒருத்தங்க நெறைய பனடோல் சாப்பிட்டுட்டாங்க. மறுநாள் நல்லாத்தான் இருக்காங்க. அப்படின்னா ஒன்னும் ஆகாதுதானே?”

“யாரு?” என்றேன்.

“சும்மா தெரிஞ்சிக்கத்தான் சார்.”

துடைத்த பலகையைத் துடைக்கும் பிள்ளை சும்மா எதையும் கேட்பதில்லை. பத்து ஆண்டுகளாகக் கல்லீரலைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். பித்தநீர், கிளைக்கோஜன், யூரியா, நச்சுநீக்கம் என்று வரிசையாக எழுதிப் போடுவேன். நச்சுநீக்கத்துக்கு ஒரு புள்ளி. ஆனால், அன்று அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. தாதியாக வேலை செய்யும் என் அக்காவைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“நல்லா இருக்கான்னு யாருடா சொன்னா? கல்லீரலா சொல்லுச்சு?” என்றார் அக்கா. “உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. சாயங்காலம் வரைக்கும் வச்சிக்கிட்டு இருக்காதே.”

மாத்திரைகளை விழுங்கியது வேறொரு வகுப்பு மாணவி. அன்று தலைவலி என்று பள்ளிக்கு வரவில்லை. ஆலோசக ஆசிரியரும் நானும் அவள் அம்மாவை அழைத்துப் பேசினோம். ஒரு மணி நேரத்துக்குள் அவள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடும்பம் சம்மதித்ததால்தான் எழுதுகிறேன். அவள் என்ன ஆனாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், அக்கா கேட்ட அந்தக் கேள்வியை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அதில் ஒரு முழு வேதியியல் பாடமே இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை மாத்திரை சாப்பிட்டால் ஆபத்து என்ற கணக்கை இந்தக் கட்டுரையில் தேடாதீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அது உடல் எடை, உடல்நிலை, சாப்பிட்ட நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. இரத்தப் பரிசோதனையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் முடிவு செய்ய வேண்டியதை நானோ நீங்களோ விரல்விட்டு எண்ணி முடிவு செய்யக்கூடாது.

வடிகாலும் வாய்க்காலும்

பாராசிட்டமோல் நம் எல்லார் வீட்டிலும் உள்ள மருந்து. காய்ச்சலா, தலைவலியா, பல்வலியா, பாட்டி முதல் பேரன் வரை அதுதான். அளவோடு எடுத்தால் பாதுகாப்பானது. டிங்கிக் காய்ச்சல் என்ற சந்தேகம் வந்தால், இரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடிய ஆஸ்பிரினையும் ஐபுபுரோபெனையும் தவிர்த்துவிட்டு மருத்துவர்கள் இதைத்தான் கொடுக்கிறார்கள். நான் இந்த மருந்துக்கு எதிரி அல்லன். என் பையிலும் ஓர் அட்டை எப்போதும் கிடக்கும்.

விழுங்கிய மாத்திரை கரைந்து, குடலிலிருந்து இரத்தம் வழியாகக் கல்லீரலுக்கு வருகிறது. அதை வெளியேற்றக் கல்லீரலிடம் இரண்டு பெரிய வடிகால்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மருந்தோடு குளுகுரோனிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. மற்றதில் சல்பேட் சேர்க்கப்படுகிறது. இரண்டு வழியிலும் கிடைப்பவை தீங்கில்லாத, நீரில் கரையும் பொருள்கள். அவை சிறுநீரோடு போய்விடும். மருந்தின் பெரும்பங்கு இப்படித்தான் வெளியேறுகிறது. பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவானது மட்டும் மூன்றாவதாக ஒரு சிறு வாய்க்காலில் போகிறது. அங்கே ஒரு நொதி அதை ‘நாப்கி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருளாக மாற்றுகிறது. நாப்கி பொல்லாதது. எதிர்ப்படும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதைக் கெடுத்துவிடும்.

அப்படியென்றால் ஒரு மாத்திரைகூட ஆபத்துதானே என்று கேட்பீர்கள். இல்லை. கல்லீரலின் உயிரணுக்களில் குளுட்டாதியோன் என்ற மூலக்கூறு காவல் நிற்கிறது. அதன் ஒரு முனையில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கை இருக்கிறது. வரும் நாப்கியை அந்தக் கை பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் இரண்டும் சேர்ந்தே வெளியேறிவிடும். கவனியுங்கள், காவலாளியும் கூடவே போய்விடுகிறார். ஒரு நாப்கிக்கு ஒரு குளுட்டாதியோன் செலவு. கல்லீரல் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருப்பதால் சாதாரண நாள்களில் தட்டுப்பாடு வருவதில்லை.

அளவுக்கு மீறி மருந்து வரும்போது பெரிய வடிகால்கள் நிரம்பிவிடுகின்றன. அடைமழையில் நம் வீட்டுப் பக்கத்துச் சாக்கடை வழிவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல மிச்சமெல்லாம் அந்தச் சிறு வாய்க்காலில் பாய்கிறது. நாப்கி குவிகிறது. குளுட்டாதியோன் தயாராகும் வேகத்தைவிடத் தீரும் வேகம் அதிகமாகிறது. கையிருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு தீர்ந்ததும் நாப்கி உயிரணுவின் புரதங்கள்மேலேயே பாய ஆரம்பிக்கிறது. 1973இல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் ஜெரி மிட்செல், டேவிட் ஜாலோ ஆகியோரின் குழு விலங்குச் சோதனைகள் மூலம் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தது.

இவ்வளவும் உள்ளே நடக்கும்போது வெளியே என்ன தெரியும்? முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் போகலாம். கொஞ்சம் குமட்டல், சோர்வு, அவ்வளவுதான். கல்லீரலின் உட்பகுதிக்கு வலியை உணரும் நரம்பு கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைக்குத்தான் உண்டு. உயிரணுக்கள் சாகவும் நேரம் பிடிக்கிறது. இரண்டாம் நாள் வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி வரும். இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் எகிறும். சிலருக்கு அதற்குள் குமட்டல் நின்றுபோய், குணமாகிவிட்டதுபோலக்கூடத் தோன்றும். மூன்றாம் நான்காம் நாள்தான் உச்சம். மஞ்சள் காமாலை, இரத்தம் உறையாமை, மனக்குழப்பம் எல்லாம் அப்போது வரும். பலர் மீண்டுவிடுவார்கள். சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை தேவைப்படும். சிலர் பிழைப்பதில்லை.

ஆக, முதல் நாளில் ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று சொல்வது வயிறும் மூளையும்தான். கல்லீரல் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மலாய் மொழியில் கல்லீரலுக்கும் மனத்துக்கும் ஒரே சொல்தான்: ஹாத்தி. மனம் புண்பட்டால் ‘சாக்கிட் ஹாத்தி’ என்பார்கள். வகுப்பில் கல்லீரல் நோய்களைச் சொல்லும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வரும், நானும் சிரிப்பேன். அந்த மாணவிக்கு முதலில் வந்தது மனத்து நோவுதான். அது யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவதாக வந்த நோவும் யாருக்கும் தெரியாமல் போகப் பார்த்தது.

சளி மருந்து செய்த வேலை

பாராசிட்டமோல் ஆய்வுக்கூடத்தில் முதலில் உருவானது 1878இல். ஆனால், பரவலாக விற்பனைக்கு வந்தது 1950களில்தான். 1966இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டேவிட்சன், ஈஸ்ட்ஹம் என்ற இருவர், அளவுக்கு மீறி இதை உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் அழிந்துபோனதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. மருத்துவர்களிடம் மாற்று மருந்து இல்லை. படுக்கவைத்து, திரவம் ஏற்றி, கல்லீரல் தாங்குமா என்று காத்திருப்பார்கள். நோயாளி பேசிக்கொண்டே இருப்பார். மூன்று நாளில் என்ன ஆகும் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

குளுட்டாதியோன் தீர்ந்துபோவதுதான் காரணம் என்று 1973இல் தெரிந்ததும், இது வேதியியல் கேள்வி ஆகிவிட்டது. குளுட்டாதியோனையே ஊசியில் ஏற்றிவிடலாமே? முடியாது, அது கல்லீரல் உயிரணுவுக்குள் எளிதில் நுழைவதில்லை. அப்படியானால், உயிரணுவே தயாரித்துக்கொள்ளும்படி மூலப்பொருளை அனுப்பலாம். எடின்பரோவின் லாரி பிரெஸ்கொட் குழு 1974இல் சிஸ்டியமின் என்ற கந்தகச் சேர்மத்தை முயன்று பார்த்தது. கல்லீரல் தப்பியது, நோயாளிகள் வாந்தி எடுத்துத் தவித்தார்கள். பிறகு அவர்கள் எடுத்தது ஏற்கெனவே மருத்துவமனை அலமாரியில் இருந்த ஒன்று: என்-அசெட்டில்சிஸ்டைன். நுரையீரலில் கட்டிய சளியை இளக்கப் பயன்பட்ட மருந்து! உடலுக்குள் போனதும் அது சிஸ்டைன் என்ற அமினோ அமிலமாக மாறும். சிஸ்டைனிலிருந்து உயிரணு குளுட்டாதியோனைத் தயாரிக்கும். அதன் புட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று அக்கா சொல்வார். தனிம அட்டவணையில் 16ஆம் எண்ணில் இருக்கும் கந்தகத்தை நீங்கள் மூக்காலும் படிக்கலாம்.

1979இல் பிரெஸ்கொட் குழு 100 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. மாத்திரை விழுங்கிய 10 மணி நேரத்துக்குள் இந்த மருந்து ஏற்றப்பட்ட 62 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் கடுமையான கல்லீரல் பாதிப்பு வந்தது. இந்த மருந்து இல்லாமல் முன்பு பராமரிக்கப்பட்ட 57 பேரில் 33 பேருக்கு வந்திருந்தது. ஏறத்தாழ முழுப் பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால் 8 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதும் அந்த ஆய்விலேயே தெரிந்தது.

அறிவியல் மாணவர்களான நீங்கள் இங்கே என்னை மடக்க வேண்டும். ‘சார், அந்த 57 பேர் வேறு காலத்து நோயாளிகள்தானே? மாறிகளைக் கட்டுப்படுத்தாமல் எப்படி ஒப்பிடலாம்?’ நல்ல கேள்வி. சீட்டுக் குலுக்கிப்போட்டு, பாதிப் பேருக்கு மருந்து கொடுத்துப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் செய்த ஆய்வு இல்லை இது. ஆனால், வேறுபாடு இவ்வளவு பெரிதாகத் தெரிந்த பிறகு, கண்முன்னே இருக்கும் நோயாளிக்கு மருந்தைக் கொடுக்காமல் வைத்துப் பார்க்க எந்த மருத்துவருக்கு மனம் வரும்? நேர்த்தியான ஆய்வை விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் அறிவியலில் உண்டு.

x அச்சில் நேரம்

அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனதும் முதலில் மூச்சு, நாடித்துடிப்பு, நினைவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி: எதைச் சாப்பிட்டாய், எவ்வளவு, எத்தனை மணிக்கு? வந்து சேர்ந்த நேரம் சீக்கிரமாக இருந்து, நோயாளி விழிப்போடும் இருந்தால் கரிக்கட்டி நிறத்தில் ஒரு கலவையைக் குடிக்கக் கொடுக்கலாம். கிளர்வூட்டிய கரி அது. அதன் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பை விரித்தால் இரண்டு கூடைப்பந்துத் திடல்களை மூடிவிடும். மருந்து மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டு, இரத்தத்தில் சேராமல் வெளியேறும். சாத்தே வாட்டும் கரி இந்த வேலைக்கு ஆகாது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு மருத்துவர்களும் இதைக் குடிக்கக் கொடுப்பதில்லை, நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால். படங்களில் காட்டுவதுபோல் குழாய் விட்டு வயிற்றைக் கழுவுவது இப்போது அரிது.

பிறகு இரத்தம் எடுக்க வேண்டும், ஆனால் உடனே எடுத்துப் பயனில்லை. மருந்து உறிஞ்சப்பட்டு முடிய வேண்டுமே! விழுங்கி நான்கு மணி நேரம் ஆன பிறகு எடுத்த இரத்தத்தில்தான் அளவு சரியாகத் தெரியும். அந்த அளவை ஒரு வரைபடத்தில் குறிப்பார்கள். 1975இல் பேரி ருமாக், ஹென்றி மேத்யூ ஆகிய இருவரும் வெளியிட்ட வரைபடம் அது. x அச்சில் விழுங்கிய பிறகு கடந்த மணி நேரம். Y அச்சில் இரத்தத்தில் உள்ள மருந்தின் செறிவு. சாய்வாக ஒரு கோடு இறங்கும். உங்கள் புள்ளி கோட்டுக்கு மேலே விழுந்தால் மாற்று மருந்து ஏற்ற வேண்டும். கணிதப் பாடத்தில் வரைபடம் எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் இதைத்தான் இப்போது காட்டுகிறேன்.

இதில் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பயத்தினால் நேரத்தை மாற்றிச் சொன்னால் புள்ளி x அச்சில் இடம் மாறிவிடும். காலையில் விழுங்கியதை ‘இப்போதுதான்’ என்று சொன்னால், கோட்டுக்கு மேலே இருக்க வேண்டிய புள்ளி கீழே போய்விடலாம். தேவையான மருந்து கிடைக்காமல் போகலாம். சிறிது சிறிதாகப் பல மணி நேரம் சாப்பிட்டிருந்தாலோ, நேரமே தெரியாவிட்டாலோ அந்த வரைபடத்தை நம்ப முடியாது; மருத்துவர் வேறு வழியில் முடிவு செய்வார். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். காலி அட்டைகளையும் புட்டிகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே இருப்பவர்களுக்கு உங்களைத் திட்டுவது வேலை இல்லை.

எட்டு மணி நேரம் தாண்டி வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தாமதமாகக் கொடுத்தாலும் இந்த மருந்து பலன் தருகிறது. அந்த நிலையில் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் ஏற்றத் தொடங்கிவிடுவதும் உண்டு. பழைய முறைப்படி, சொட்டு மருந்து முடிய ஏறத்தாழ 21 மணி நேரம் ஆகும்.

எல்லா வலிநிவாரணிக்கும் இதே கதை இல்லை. மார்பின் போன்ற அபின் வகை வலிநிவாரணிகள் மூச்சை நிறுத்திக் கொல்பவை. அவற்றுக்கு நலொக்சோன் என்ற மாற்று மருந்தைக் கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் நலொக்சோனின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும். அபின் இன்னும் உடலில் மிச்சமிருந்தால் மூச்சு மறுபடியும் மங்கும். எழுந்து உட்கார்ந்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் வைத்திருப்பது அதனால்தான். ஆஸ்பிரின் அளவு மீறினால் காதில் இரைச்சல், வேகமான மூச்சு. அதற்கென்று நேரான மாற்று மருந்து கிடையாது. சோடியம் பைகார்பனேட் ஏற்றிச் சிறுநீரைக் காரமாக்குவார்கள். காரச் சூழலில் ஆஸ்பிரினின் அமிலம் அயனியாகிவிடும். அயனி சிறுநீரகத்திலிருந்து இரத்தத்துக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டு வெளியேறும். அமிலமும் காரமும் பாடப்புத்தகத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அட்டையைப் படிக்காத அறிவியல் ஆசிரியர்

மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதற்கு முன் என் கதையையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இறுதியில் கடைவாய்ப் பல் வலி. பல் மருத்துவர் திங்கட்கிழமைதான். பாராசிட்டமோல் எடுத்துக்கொண்டேன். கூடவே சளிக்காய்ச்சல், அதற்கு வேறு பெட்டியிலிருந்து வேறு நிற மாத்திரை. இரண்டும் வேறு வேறு மருந்து என்றுதான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒன்று வாங்கப் போனபோது மருந்தகத்தில் இருந்த பெண், “வேற என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டு, சளிக்காய்ச்சல் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் அதே பாராசிட்டமோல். பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு. நான் அதைத் தாண்டியிருந்தேன். அன்றே கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். நல்ல வேளையாகக் கல்லீரல் தப்பித்தது. வேண்டுமென்று விழுங்கியவர்களுக்கு மட்டும் வருவதில்லை இந்த ஆபத்து. பல்வலிக்காரர்களுக்கும் வருகிறது.

வீட்டில் யாராவது அளவு மீறிவிட்டதாகத் தெரிந்தால் நம் ஆள்கள் உடனே உப்புத் தண்ணீரைக் கரைத்து வாந்தி எடுக்க வைப்பார்கள். தயவுசெய்து தடுங்கள். உப்பு அதிகமானால் இரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே உயிரைப் பறிக்கக்கூடும். தூக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும். பால் கொடுப்பது, படுக்கவைத்துக் காலையில் பார்க்கலாம் என்பது எதுவும் உதவாது. அந்த எட்டு மணி நேரம்தான் கரையும்.

அந்த மாணவி ஏன் ஓர் இரவு முழுக்கச் சொல்லவில்லை? பிறகு அவளே சொன்ன காரணங்களில் அம்மா அழுவார் என்பது ஒன்று, போலீஸ் வரும் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணம் ஒரு காலத்தில் வெறும் கற்பனை இல்லை. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நம் நாட்டில் 2023 வரை இருந்தது. அந்த ஆண்டுதான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. சிங்கப்பூரில் 2020லேயே நீக்கிவிட்டார்கள். இப்போது மருத்துவமனைக்குப் போகிறவர் குற்றவாளி இல்லை, நோயாளி. சட்டம் மாறியது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை. இன்று இரவு சாப்பாட்டு மேசையில் சொல்லிவையுங்கள்.

இதையெல்லாம் மாணவர்களிடம் பேசுவது சரியா என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பேசினால் இல்லாத எண்ணத்தை நாமே விதைப்பதாகிவிடாதா என்பது அவர் கவலை. அவருடைய அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. தற்கொலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது அதைத் தூண்டும் என்பது தவறான நம்பிக்கை என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. வெண்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த மாணவிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கியம்: முதல் நாள் நன்றாக இருப்பது எதையும் காட்டாது. அந்த வாக்கியம் என் பாடத்தில் இருந்திருந்தால் அவள் முதல் நாள் இரவே யாரையாவது எழுப்பியிருப்பாள். முதலுதவியில் கட்டுப்போடச் சொல்லிக்கொடுக்கிறோம். பாம்புக் கடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். சமையலறை அலமாரியில் இருக்கும் மாத்திரையைப் பற்றி மட்டும் மௌனம் எதற்கு? கல்லீரல் பாடத்தில் அரை மணி நேரம் போதும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பிரிட்டனில் 1998இல் கடைகளில் ஒரே பெட்டியில் விற்கக்கூடிய பாராசிட்டமோல் மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். இவ்வளவு சாதாரண மாற்றம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். அடுத்த 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த மருந்தால் நேர்ந்த மரணங்கள் 43 விழுக்காடு குறைந்தன, ஏறத்தாழ 765 உயிர்கள் தப்பின என்று 2013இல் கீத் ஹாட்டன் குழு கணக்கிட்டது. தாங்கமுடியாத நேரம் என்பது பெரும்பாலும் அலைபோல் வந்து போவது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று மாதக்கணக்குக்கு வாங்கி அடுக்கிவைக்கும் பழக்கத்தை அப்பா அம்மா விடலாம். இருப்பதைப் பூட்டியும் வைக்கலாம்.

உங்களில் யாராவது இதைப் படிக்கும்போது உங்கள் நண்பரின் இரகசியம் ஒன்று கையில் இருந்தால்? ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று சத்தியம் வாங்கியிருப்பார். அந்தச் சத்தியத்தை உடையுங்கள். கோபிப்பார், சில நாள் பேசமாட்டார். அதைத் தாங்கிக்கொள்ளலாம். உங்களைப் பற்றியே நான் எழுதியிருப்பதாகத் தோன்றினால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, வீட்டிலோ பள்ளியிலோ நீங்கள் நம்பும் ஒரு பெரியவரிடம் இப்போதே போய்ப் பேசுங்கள். வார்த்தை வரவில்லையென்றால் இந்தப் பக்கத்தை நீட்டினாலே போதும்.

அந்த மாணவிக்கு எட்டு மணி நேரக் கணக்கு எப்போதோ தாண்டியிருந்தது. போன உடனே சொட்டு மருந்தைத் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் கல்லீரல் நொதிகள் ஏறின, அம்மா தூங்கவில்லை. நான்காம் நாள் எண்கள் இறங்கத் தொடங்கின. கல்லீரல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் உறுப்பு; அது தன் வேலையைச் செய்தது. மனத்துக்கான சிகிச்சை அதைவிட நீண்டது, இன்னும் தொடர்கிறது. பலகையைத் துடைத்தவளோடு மூன்று வாரம் பேசவில்லையாம். இப்போது இருவரும் சேர்ந்தே சிற்றுண்டிச்சாலைக்குப் போகிறார்கள். இந்த ஆண்டு இருவரும் எஸ்.பி.எம். எழுதுகிறார்கள்.

அவசரத்துக்கு 999. மாத்திரையோ வேறு எந்த நச்சுப்பொருளோ உள்ளே போயிருந்தால், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனால் அழைப்புக்குக் காத்திருந்து மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். மனம் தாங்காத நேரத்தில் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555. பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. சிங்கப்பூரில் படிப்பவர்களுக்கு அவசர எண் 995, எஸ்.ஓ.எஸ். 1767. எங்கள் வகுப்பில் இந்த எண்கள் வெண்பலகையின் வலது மூலையில் இருக்கின்றன. பலகை துடைக்கும் முறைக்காரர்களிடம் அந்த மூலையைத் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.